இருண்டே கிடந்த சிவப்புக் கல்

மேடையை நிறைத்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, கைக்குட்டையும் கையுமாக முன்வரிசையில் இருக்கும் மாணவச் செல்வங்களே, கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்ட குவாரித் தொழிலாளியே, வணக்கம்.

மறைந்த பேராசிரியர் கல்லோடு பேசியவர் என்று ஆறு பேர் சொன்னீர்கள். அவர் ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழே பத்தொன்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். மனிதரோடு பேசி நான் பார்த்ததில்லை.

அருங்காட்சியகத்தில் அவர் பெயர் தாங்கி நிற்கிறதே சிவப்பு ஸ்பினல், பார்வைக்கு மாணிக்கம் போலவே இருக்கும் வேறு கல், அது வந்த கதை தெரியுமா? மண்ணுக்கடியில் வெந்து சலவைக்கல்லாக மாறிய சுண்ணாம்புப் பாறையில், சாம்பல் வரி ஓடும் இடத்தில் மட்டுமே அந்தச் சிவப்பு விளைகிறது. இதைக் கண்டது யார்? குவாரியில் துளையடித்த, கடைசி வரிசையில் இருக்கும் இந்தத் தம்பி. வரியோடு பெயர்த்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பேராசிரியர் என்ன செய்தார்? மாணிக்கம் என்று பதிவேட்டில் எழுதினார். பாதியை அமிலத்தில் போட்டார். சலவைக்கல் நுரைத்துக் கரைந்தது. படிகம் மிஞ்சியது; அது பிறந்த இடத்தின் சாட்சி சாக்கடைக்குப் போயிற்று. மறுபாதியை நான் ஒளித்தேன்.

அதிலிருந்த சிவப்பை மூன்று திசைகளில் மெல்லிதாகச் சீவி, ஒளியை வடிகட்டும் இரட்டைத் தகடு பூட்டிய நுண்ணோக்கியில் வைத்தேன். மாணிக்கமென்றால் தட்டைச் சுழற்றச் சுழற்ற ஒளிரும், அணையும். ஸ்பினல் எப்படிச் சுழற்றினாலும் இருண்டே கிடக்கும். மூன்றும் இருண்டே கிடந்தன. பேராசிரியரிடம் சொன்னேன்.

"பல்ப் போயிருக்கும்மா. மாத்திப் போட்டுப் பாரு."

மாற்றினேன். இருட்டுத்தான். நான்கு மாதத்தில் கட்டுரை வந்தது: அரிய ஸ்பினல், கண்டவர் பேராசிரியர். தம்பி கேட்டது ஒன்றே ஒன்று: "மியூசியத்துல கல்லுக்குப் பக்கத்துல வைக்கிற அட்டையில எம் பேரப் போடுவீங்களாக்கா?" இருபத்தாறு ஆண்டுகளாகப் போட வைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே என் பல் விழுந்துவிட்டது.

செத்தவரைப் பழிக்கலாமா என்று முணுமுணுக்கிறீர்கள். இருந்தபோதும் சொன்னேனே, கேட்டீர்களா?

போன வாரம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்தார். "பல்ப் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார். அறையில் வேறு யாருமில்லை. அதை உறுதி செய்துகொண்டுதான் சொன்னார்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதியெடுத்தீர்கள். நானும் எடுக்கிறேன். அவர் விட்டது இந்த ஒரு பணிதான். மறுபாதிக் கல் என் பையில் இருக்கிறது, வரி கலையாமல். புது அட்டையும் எழுதிவிட்டேன். கண்ணாடிப் பேழையின் சாவி துணைவேந்தர் அவர்களிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கேட்பேன், கொடுக்கும்வரை இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

தம்பி, முன்னால வாங்க. பேரச் சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க.