ஏழாம் தொட்டியின் பாட்டில்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஆலை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வேலையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே! எல்லோருக்கும் இந்த ஆய்வுக்கூடத்துக்காரனின் வணக்கம். எழுதி வந்த தாள் சட்டைப்பையில் இருக்கிறது. அதை எடுக்க மனம் வரவில்லை. நான் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தால் தவறாக எண்ணாதீர்கள். நான்கு மணிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

யாரை இழந்திருக்கிறோம்? எண்ணெய் மீட்புப் பிரிவின் மேற்பார்வையாளரை, நம் 'பாட்டில் அக்கா'வை! வெளியாள் கேட்டால் இந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கொள்வான். அவர் கணவரே சொல்வார்: "என் பொண்டாட்டி பாட்டில் முன்னாடி உக்காந்தா எழுந்திருக்க மாட்டா. யார்கிட்ட போய்ச் சொல்ல!" அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார்.

எண்ணெய்க் கிணறு துளையிடும் இடங்களில் எண்ணெயும் களிமண்ணும் கலந்த சேற்றைக் குழாயில் இறக்குகிறார்கள். அது பாறைத்தூளை வாரிக்கொண்டு மேலே வருகிறது. ஓடி ஓய்ந்த அந்தச் சேற்றை ஒரு காலத்தில் ஆலைக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினோமே, மறந்துவிட்டதா? மழை பெய்தால் அடுத்த தெருவின் கிணறு நாறியது. அக்கா அந்தத் தெருக்காரர். "குப்பைன்னு யாரு சொன்னது? காய்ச்சினா எண்ணெய் தனியா வருதுல்ல?" என்று கேட்டுக் கேட்டு நம் உயிரை எடுத்தார். குழியை மூட வைத்தது யார்? அக்கா! சேற்றைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து, கிடைத்த எண்ணெயில் மறுபடி சேறு குழைக்கலாம் என்று செய்து காட்டியது யார்? அக்கா!

ஒவ்வொரு தொட்டி நிறைந்ததும் அடிக்குழாயைத் திறந்து ஒரு பாட்டில் பிடிப்பார். முட்டிவலியோடு குந்தித்தான் பிடிக்க வேண்டும். அதைச் சன்னலில் இரண்டு நாள் வைப்பார். தண்ணீர் கோடு தெரிந்தால் எண்ணெய் மறுபடி உலைக்குப் போகும். அவசரப்பட்டால், "பதறாத காரியம் சிதறாதுப்பா" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பாட்டில் வைக்காமல் ஒரு தொட்டியை அனுப்பிவிட்டேன். அந்த எண்ணெயில் குழைத்த சேறு கட்டிதட்டி, எண்ணெய்க் கிணற்றுக்குள் குழாய் சிக்கி, துளையிடும் ஆட்கள் பதினொரு நாள் திண்டாடினார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளியும் துடைப்பமும் எடுத்துவந்து, என்னோடு சேர்ந்து தொட்டியைக் கழுவினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்!

நண்பர்களே, இப்போது நான் சொல்லியே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை மாலை அக்கா ஏழாம் தொட்டிக்குப் பாட்டில் பிடித்துச் சன்னலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். போன இடத்தில் மாரடைப்பு. செவ்வாய்க்கிழமை காலை அவர் நாற்காலி காலி. மேலாளர் அவர்களே, நீங்கள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "வண்டிக்குச் சொல்லியாச்சுப்பா" என்றீர்கள், அவ்வளவுதான். நான் தொட்டியின் மேல்மூடியைத் திறந்து, மேலாக ஒரு குவளை மொண்டு, கருவியில் சோதித்தேன். சுத்தம் என்றது. சொல்லாமல் என்ன செய்யும்? எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? தெரியும்! குந்தச் சோம்பல்பட்டேன். கையெழுத்துப் போட்டேன். அந்த எண்ணெயை ஏற்றிப்போக இன்று நான்கு மணிக்கு வண்டி வருகிறது.

இன்று அக்காவின் படத்தருகே வைக்க அவர் பொருள் ஏதாவது கொண்டுவரச் சொன்னீர்கள். அந்தப் பாட்டிலை எடுத்தேன். பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல், குலுங்காமல், நடந்தே கொண்டுவந்தேன். மாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள். கடைசி வரிசைக்குத் தெரிகிறதா? அடியில் இரண்டு விரல் தண்ணீர்! அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் மண்! அக்காவின் கையெழுத்தில் சீட்டு: 'ஏழு. பார்க்கணும்.'

மேலாளர் அவர்களே, முகம் சுளிக்கிறீர்கள். இதை உங்கள் அறையில் சொல்லியிருக்கலாம்தான். அங்கே சொன்னால் நீங்கள் மறுப்பீர்கள், நான் தலையாட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஏழாம் தொட்டி மறுபடி உலைக்குப் போகிறது. இனி அடிக்குழாய்ப் பாட்டில் சன்னலில் நிற்காமல் எந்தத் தொட்டிக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அக்கா, இது உங்கள்மேல் ஆணை!

இன்னும் எவ்வளவோ சொல்ல வேண்டும். அவர் எங்களுக்கு எப்படியெல்லாம்... அதோ, ஹார்ன் சத்தம். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் அக்காவின் கணவர் எழுந்துவிட்டார். என்ன சொல்கிறீர்கள், மாமா?

"பேசினது போதும்பா. ஓடு!"

மன்னியுங்கள். நான் போகிறேன்.