ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் காலியான விடுதி

சாட்சி: தீயணைப்புத் துறைக் கட்டட ஆய்வாளர். வயது 54. முகவரி: துறைக் குடியிருப்பு, மூன்றாம் தளம். பெண் ஒருவர் காணாமல் போன புகாரில், காவல் நிலைய எழுத்தர் முன்பு சொல்லி எழுதியது.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இருபத்தாறு வருடமாக ஓட்டல், ஆஸ்பத்திரி, தியேட்டர் என்று கட்டடங்களில் குறை கண்டுபிடிப்பதே என் வேலை. குறை கிடைக்காத அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. வீடற்றோருக்கான மிஷன் விடுதியிலிருந்து தீப்பாதுகாப்புச் சான்று கேட்டு மனு வந்ததால், நேற்று காலை ஆறு மணிக்கு அங்கே சென்றேன். பழைய கிடங்கை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பத்துக் குறையாவது தேறும் என்று கூடுதலாகத் தாள் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

விடுதிப் பொறுப்பாளர் அம்மா சுற்றிக் காட்டினார். நுழைந்ததும் முழங்கால் உயரத்தில் எட்டுத் தொட்டிகள், வெந்நீர்க் குழாயுடன் இருந்தன. வருகிறவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே அதில் காலை நனைத்தபடி உட்காரலாம் என்றார். அதன் பிறகு குளியலறைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உள்தாழ்ப்பாள், பிடித்து எழக் கைப்பிடி, மாற்றுத்துணி நனையாத உயரத்தில் கொக்கி. அதன் பிறகு, மூட்டைமுடிச்சுகளைச் சூடாக்கி மூட்டைப்பூச்சியைக் கொல்லும் அறை. கட்டிலுக்குக் கட்டில் தடுப்பு, படுத்தபடியே எட்டும் விளக்கு சுவிட்ச். நாயோடு வருபவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாய்க்கும் ஒரு மெத்தை. ஒரு சுவர் முழுக்க அறுபத்திரண்டு தபால் பெட்டிகள். "முகவரி இல்லன்னுதானே சார் எல்லா ஆபீஸ்லயும் திருப்பி அனுப்புறாங்க" என்றார் அந்த அம்மா. நான் பிரமித்துப் போனேன். வெளிக்கதவுகள்கூட தீ விதிப்படி வெளிப்பக்கமாகத்தான் திறந்தன. தாளில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது, தீப்பிடித்தால் எல்லோரும் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறார்கள் என்று பார்க்கும் வெளியேற்றப் பயிற்சி மட்டுமே. "முன்னாடியே இங்க தங்கியிருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா சார்?" என்று அவர் கேட்டார். "சொல்லிட்டு வச்சா அது சோதனையே இல்லம்மா" என்றேன். ஏழு மணிக்கு அனைவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அபாய மணியை அழுத்தி, விசிலும் ஊதினேன்.

யாரும் கத்தவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மூட்டையையும் செருப்பையும் நாயையும் எடுத்துக்கொண்டு, போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் அறுபத்திரண்டு பேரும் வெளியே. என் சர்வீசில் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட இப்படி நான் பார்த்ததில்லை. "பிரமாதம்மா!" என்று கைதட்டினேன்.

அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியேறியவர்கள் வந்து நிற்க வேண்டிய, கூடுமிடம் என்று பலகை வைத்திருந்த புல்தரையில் ஒருவரும் இல்லை. தெருமுனையில் கடைசி ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது. "விசில் அடிச்சா இடத்தைக் காலி பண்ணணும்னுதான் சார் அவங்களுக்குத் தெரியும். பார்க்குலயும் பஸ் ஸ்டாண்டுலயும் இத்தனை வருஷம் அப்படித்தானே எழுப்பினாங்க" என்றார்.

அதன் பிறகு விடுதி வண்டியில் இருவரும் தேடிப்போய், மாலைக்குள் அறுபத்தொரு பேரைத் திரும்ப அழைத்து வந்தோம். அதில் ஒருவர், "நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்று கேட்டார். குடைக்காரம்மா என்று அழைக்கப்படும் சுமார் அறுபது வயதுப் பெண் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. விடுதிக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இடது காலில் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று விடுதி நர்ஸ் சொல்கிறார். முன்கூட்டியே சொல்ல விடாமல் தடுத்தது நான்தான், பொறுப்பாளர் மீது தவறில்லை.

தேடப் போகும் காவலர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவரைக் கண்டால் தூரத்திலிருந்து அதட்ட வேண்டாம், விசில் ஊதவே வேண்டாம். ஊதினால் அந்தக் காலோடு இன்னும் வேகமாக நடப்பார். அவர் எவ்வளவு வேகமாகப் போவார் என்று நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துக் கைதட்டவும் செய்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)