கொலுக்குளத்தைக் கொட்டியவள்

பஸ்ஸில் கத்திப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொல்கத்தாவில் பெஹாலா போகும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு மாமிகள். இந்த ஊரில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

"என் கொலுக்குளத்தைக் கொட்டினவ நன்னா இருக்கணும்," என்றாள் ஜன்னலோரத்து மாமி.

"யாரு?"

"வீடு வீடா கொசு பாக்க வருவாளே, அந்தப் பொண்ணு. நவராத்திரி முடிஞ்சும் பிளாஸ்டிக் பேசின்லே வெச்ச குளத்துத் தண்ணியை நான் எடுக்கலை. அதிலே முழுக்கப் புழு. சாமி குளத்தைக் கொட்டறியேன்னு கத்தினேன். அவ கொட்டிண்டே, ஆத்துலே யாருக்காவது ஜுரமான்னு கேட்டா."

"மருமகளுக்கா?"

"ஆமா, அப்போ அவளுக்கு ஏழு மாசம். நான் பாட்டுக்குக் கஷாயம் கொடுத்துண்டிருந்தேன். அன்னிக்கே ரத்தம் பாக்க வெச்சா. டெங்கு. தள்ளிப் போட்டிருந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்துன்னார் டாக்டர். இப்போ தாயும் குழந்தையும் சௌக்கியம்."

"அவளுக்கு ஏதாவது செஞ்சேளா?"

"நேத்து வந்தா. கையைப் பிடிச்சுண்டு அழுதேன். 'அதெல்லாம் அப்புறம் மாஷிமா, ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணி சொட்டற தட்டைக் காட்டுங்கோ'ன்னா."

"தண்ணி இருந்துதா?"

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருந்துது," என்றாள்.