நாவுல ஏற்றத்தில் நிற்கும் பாரம்

தலைமை தாங்கும் பதுர்தீன் ஹாஜியார் அவர்களே, இந்த மண்டபத்தைத் துணிந்து திறந்து தந்த அருட்தந்தை அவர்களே, லோரன்ஸ் அண்ணனின் துணைவியார் மரிய கொறற்றி அவர்களே, சாரதிகள் சங்கத் தோழர்களே! கதவோரமாகவே நிற்கும் சகோதரர்களே, உங்களை உட்காரச் சொல்ல மாட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். நானும்தான்.

மாத்தளையின் மூத்த சாரதி, நம் சங்கத்தின் துணைத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை லோரன்ஸ் அவர்களைச் சுட்டுப் போட்டுவிட்டார்கள். யார்? கேட்காதீர்கள்! இந்த எண்பத்தொன்பதாம் ஆண்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் வீட்டுக்கும் ஆள் வருகிறது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஜைனுதீனாகிய நான் கூடவே இருந்தவன்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து நம் மாவட்டத்துக்கு ஒரு மின்மாற்றி வந்தது. பல சக்கர வண்டியில் ஏற்றிய ஒரு வீட்டளவு இரும்பு! ஆஸ்பத்திரியே இருட்டில் கிடந்த நேரம். அரசாங்கத்துக்காக அதைக் கொண்டுவருபவன் சாவான் என்று கலேவெலவில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அண்ணன் முன்லொறியில் இழுத்தார். நான் பின்லொறியில் தள்ளினேன். ஆள் நடக்கிற வேகம்தான்.

நாவுல ஊரைத் தாண்டி, ஏற்றத்தின் நடுவே மரம் வெட்டிப் போட்டிருந்தது. முகத்தைத் துணியால் மூடிய இளைஞர்கள், கையில் துவக்கு. "விட்டுட்டு ஓடுங்க!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். எங்களுக்குப் பின்னால், சரிவில், பஸ்கள் வரிசையாக நின்றன. பாரம் பின்னோக்கி உருண்டால் என்னவாகும்?

அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். "தம்பி, சுடுறதுன்னா சுடுங்க. சக்கரத்துக்குக் கட்டை வெக்காம நான் போக மாட்டேன். பிரேக் தாங்காது. கீழ பஸ்ல சனம் இருக்கு, பாருங்க" என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னார்.

ஒருவன் அவர் பிடரியில் துவக்கை வைத்தான். அப்படியே குனிந்தார் அண்ணன். "ஜைனுதீன், பிரேக்கிலருந்து கால எடுக்காத! நான் சொன்ன பொறகு எடு!" என்று சத்தம் மட்டும் வந்தது. சக்கரம் சக்கரமாகக் கட்டை வைத்தார். துவக்கும் அவர் கூடவே நகர்ந்தது.

அவர் பயமறியாதவர் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். இல்லை! கடைசிக் கட்டை இரண்டு தடவை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் பார்த்தேன். குனிந்து எடுத்து, அந்தக் கட்டையையும் அடித்து இறுக்கினார்.

பாரத்தை அங்கேயே விட்டு, லொறிகளோடு எங்களைப் போக விட்டுவிட்டார்கள். "இதைத் திரும்பத் தொட்டவன் வீடு போய்ச் சேர மாட்டான்" என்று சொல்லித்தான் விட்டார்கள்.

பிறகு மழை பிடித்தது. பாரம் நிற்கும் இடத்தில் வீதியின் கரை மண் இறங்கத் தொடங்கியது. கீழே குடும்பங்கள் இருக்கின்றன. எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "மண்ணு இறங்குதுடா. நாளைக்கு நான் போய் எடுக்கப் போறேன்."

"பயமா இல்லியாண்ணே?"

"பயமாத்தான் இருக்கு. கொறற்றிகிட்ட சொல்லிராத, அழுவா."

மறுநாள் காலை அண்ணன் முன்லொறியோடு முதலில் போனார்; பின்னால் போன என் லொறி அதை எட்டுவதற்குள் வெடிச் சத்தம் கேட்டது. ஸ்டீயரிங்கில் சாய்ந்து கிடந்தார். அவ்வளவுதான்.

அன்பர்களே! இந்த மனிதருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? சங்கத்தில் படம் மாட்டிக் கும்பிட்டால் தீர்ந்ததா? பாரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. மழையும் விடவில்லை. கீழே, போக்கிடம் இல்லாத குடும்பங்கள் இன்னும் அங்கேதான் சமைக்கின்றன, அங்கேதான் தூங்குகின்றன.

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயம். என் மனைவி றாபியா போக வேண்டாம் என்று காலையிலிருந்து அழுகிறாள். ஆனாலும், பஸ்தியாம்பிள்ளை லோரன்ஸ் அவர்களே, நீங்கள் எடுக்கப் போன பாரத்தை நாளை காலை நான் எடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்!

பின்லொறிக்கு ஒருவர் வேண்டும். இங்கே கை தூக்க வேண்டாம். யார் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வர நினைப்பவர் காலையில் சங்கத்து வாசலுக்கு வந்து, பேசாமல் ஏறிக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்குப் போங்கள். கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள்.