கொடி திருப்புகிறவள்

பெக்கான் நானாஸிலிருந்து ஜொகூர் பாரு போகும் மோட்டார் பஸ்ஸில், இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. உட்காரப் போனேன். "ஆள் இருக்கு" என்றாள் ஜன்னலோரப் பெண். யாரையும் காணோம். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

அவள் மடியில் வாழை இலையில் சுற்றிய சக்கரவள்ளிக் கொடி இருந்தது. காலி இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அடுத்தவளிடம் நீட்டினாள்.

"ஊதாக் கிழங்கு, தங்கச்சி. கொடிய மட்டும் அப்பப்போ தூக்கித் திருப்பிப் போடணும். கணுவுக்குக் கணு வேர் விட்டுட்டா கிழங்கு வைக்காது."

"உங்களுக்குத்தான் இடுப்பு வலியாச்சேக்கா, யாரு திருப்புறா?"

"காலையில பார்த்தா திருப்பிப் போட்டுக் கிடக்கும். தோட்டத்து லயத்துல எங்களுக்கு முன்னாடி எங்க வீட்டுல இருந்தவ செய்யுறா. அவ போட்ட பாத்திதானே."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"காய்ச்சல்ல போயிட்டா. நாங்க குடி வர்றதுக்கு முந்தியே."

அடுத்தவள், கொடியை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாத. பாத்தியத் தாண்டி வரமாட்டா. பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

ஜன்னலோரப் பெண் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்குக் காலையில கொடி அறுக்கும்போது, கேக்காம எடுக்கக் கூடாதேன்னு ஒரு தடவ கூப்பிட்டுட்டேன்."

அடுத்தவள் காலி இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஸ்கூடாயில் ஏறிய சீனர் ஒருவர் அந்தக் காலி இடத்தில் உட்கார வந்தார். "ஆள் இருக்கு" என்று மலாய் மொழியில் அவசரமாகச் சொன்னது, இந்த முறை, அடுத்தவள்.