மூட்டைமேல் ஏறிய கொசுறு

மெத்தையும் தலையணையும் விற்று இந்தத் தியாகராய நகரையே நிம்மதியாக உறங்க வைத்துவிட்டு, நமக்காகத் தான் மட்டும் விழித்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய சுப்பராமன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் நிர்வாகிகளே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தெருவையே தள்ளித் தள்ளி நகர்த்தும் என் வண்டித் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வளையல்கடை அஃப்சருன்னிசாவின் வணக்கம்.

செயலாளர் தம்பி இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். தம்பி, சிறிய கைக்குப் பெரிய வளையலை ஒரு நொடியில் போட்டுவிடலாம். பெரிய கைக்குச் சிறிய வளையலைப் போடத்தான் பொறுமை வேண்டும். இன்று நான் போட வந்திருப்பது இரண்டாவது வகை. உட்காருங்கள்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு காரியங்கள். நம் தெருவில் சரக்குத் தள்ளும் தோழர்கள் எல்லோருக்கும் புதிய வண்டி வழங்குவது ஒன்று. வண்டித் தோழர் பவுல்சாமி இனி நம் தெருவில் வண்டி தள்ளக் கூடாது என்ற தீர்மானம் மற்றொன்று. முதல் காரியத்தை வாழ்த்தச் சொல்லி என்னை அழைத்தார்கள். வாழ்த்துகிறேன், வாயார வாழ்த்துகிறேன். இரண்டாவதை எதிர்க்கச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. அதற்கு நானாகவே வந்தேன்.

மேடைக்குக் கீழே நிற்கிறதே, அந்த வண்டியைப் பாருங்கள். ஆதம்பாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் சாய்மா என்ற பெண் செய்தது. பழைய வண்டி எப்படி இருந்தது? பள்ளத்தில் இறங்கினால் ஏறாது. திருப்பத்தில் திருப்பினால் திரும்பாது. நிறுத்த வேண்டுமென்றால் தள்ளுகிறவர் தன் குதிகாலைத்தான் தரையில் தேய்க்க வேண்டும். சாய்மாவின் வண்டியில் முன்சக்கரம் இரண்டும் நினைத்த பக்கம் திரும்பும். பின்சக்கரம் பெரியது, ரப்பர் போட்டது, பள்ளத்தைப் பார்த்துப் பயப்படாது. தட்டு முழங்கால் உயரத்தில் இருப்பதால் இடுப்பு ஒடியாது. கைப்பிடியை அழுத்தினால் ஓடும், விட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரும்பைக் கொண்டு இரக்கத்தைச் செய்திருக்கிறாள் அந்தப் பெண்!

கைதட்டினீர்கள், சந்தோஷம். இனி நான் சொல்வதற்குக் கைதட்டுவீர்களோ என்னவோ.

வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு மஞ்சள் கோடு தெரிகிறதா? சரக்கு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கோட்டை எப்படிப் போட்டார்கள், தெரியுமா? நான் என் கடைவாசலில் நின்று பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் பவுல்சாமியை நிற்க வைத்தாள் சாய்மா. திருப்பத்தில் ஊக்கும் ஹேர்பின்னும் விற்கிறாரே நம் கிளாடிஸ், அவரை வழக்கமான இடத்திலேயே உட்காரச் சொன்னாள். தட்டில் அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தாள்.

“அண்ணே, அந்த அக்கா தலை தெரியுதா?”

“தெரியுதும்மா.”

“மடியில தட்டு?”

“ஊக்கு அட்டகூட தெரியுது. இன்னும் ஒண்ணு வெச்சா மறைஞ்சிரும்.”

அங்கே போட்டார்கள் கோட்டை. கிளாடிஸ் அம்மாவின் உட்கார்ந்த உயரம்தான் அந்த வண்டிக்கு அளவுகோல். அவரைக் காப்பதற்காகப் போட்ட கோடு அது. வெள்ளோட்டத்துக்காகப் பவுல்சாமி தள்ளி வந்த அதே வண்டி, அதே திருப்பத்தில், அதே கிளாடிஸ் அம்மாவின் கணுக்காலை உடைத்தது. இதோ முன்வரிசையில் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எப்படி நடந்தது இது? பவுல்சாமி குடித்திருந்தாரா? இல்லை. போன் பேசினாரா? இல்லை. பிரேக் பிடிக்கவில்லையா? பிடித்தது! அலறல் கேட்டுக் கையை விட்டதும் வண்டி நின்றது. ஆனால் கண் காணாததைக் கை எப்படி அறியும்?

காரணத்தைச் சொல்கிறேன். யாரும் கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் நான் நிறுத்தப் போவதில்லை.

நமக்கெல்லாம் கொசுறு பிடிக்கும். காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்போம். பூ வாங்கினால் முழத்துக்கு மேல் நாலு கண்ணி கேட்போம். கொடுக்கிறவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அழகான வழக்கம், அன்பான வழக்கம், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் நம் தெருவில் அந்த வழக்கம் வண்டியிலும் ஏறிக்கொண்டது. சரக்கை ஏற்றிக் கயிறு கட்டி முடித்தபிறகு, “போற வழிதானே” என்று மேலே ஒன்றைத் தூக்கிப் போடுவோம். கோட்டைத் தாண்டுகிறதே என்று கேட்டால், அது சரக்கு இல்லையாம். பிறகு என்ன? கொசுறாம்!

என்னம்மா அங்கே முணுமுணுக்கிறீர்கள்? நான் வைத்ததில்லையா என்றா? வைத்ததில்லை. நான் நல்லவள் என்பதால் அல்ல. என் பெட்டியில் இருப்பது கண்ணாடி. மூட்டை உச்சியிலிருந்து விழுந்தால் எனக்கு மிஞ்சுவது சில்லு. அந்தப் பயம் என்னைக் காப்பாற்றியது, அவ்வளவுதான்.

கால் உடைந்த அன்று தெருவில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பவுல்சாமி மஞ்சள் கோடு வரைக்கும் படுக்கை விரிப்புகளை அடுக்கிக் கட்டிவிட்டார். வண்டி மெத்தைக்கடை வாசலைத் தாண்டும்போது உள்ளே இருந்து ஒரு குரல். யார் குரல் என்று நான் சொல்லாமலே தலைவர் தலையைக் குனிந்துவிட்டார். “பவுலு, தலகாணிதான் நைனா, வெயிட்டே கெடையாது. கடைசிக் கடைல எறக்கிட்டுப் போயேன்.”

என்ன தலைவரே? தலையணைதானே என்கிறீர்களா? அதையேதான் ஐயா நானும் சொல்கிறேன்! கருங்கல்லாக இருந்தால் நீங்களே வைத்திருக்க மாட்டீர்கள். உங்கள் மனது அப்படிப்பட்டதல்ல. கனமில்லை என்பதால் சுமையில்லை என்று நினைத்துவிட்டீர்கள். நீங்கள் மட்டுமா, தெரு முழுக்க அப்படித்தான் நினைக்கிறது. தோளுக்குத் தெரியாத அந்தச் சுமை கண்ணை மூடியது. கண்ணை மூடிய வண்டி கிளாடிஸ் அம்மாவிடம் போய் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். வார்டு வாசலில் பவுல்சாமி இளநீரை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகத் துணிவில்லை. கட்டிலில் இருந்தே கிளாடிஸ் அம்மா பிடித்துக்கொண்டார்.

“அங்க இன்னாத்துக்கு தூணாட்டம் நிக்கற? உள்ள வாடா. இடிச்சிட்டு இப்போ அழுதுகினு கீறியா?”

“நீ குந்தினு இருந்தது சத்தியமா தெரிலக்கா.”

“அந்த மூட்டைய வாணாம்னு சொல்றதுக்கு இன்னா? வாயில இன்னா வெச்சிருந்த?”

“வாணாம்னு சொன்னா நாளைக்கு என்ன யாருக்கா கூப்புடுவாங்க?”

அதுவரைக்கும் வார்டே அதிரத் திட்டிக்கொண்டிருந்தவர் அவரிடம் கையை நீட்டினார். இளநீரை வாங்கிக் குடித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சொல்ல வெட்கமென்ன, வெளியே வந்து அழுதேன்.

சாய்மாவைக் கேட்டேன். மேலே எதுவும் வைக்க முடியாதபடி ஒரு வண்டி செய்துவிடேன், தாயே! அவள் சொன்னாள்: “ஆன்ட்டி, மூடி போடலாம், கம்பி போடலாம். வைக்கணும்னு நெனச்சா அதுமேலயும் கயிறு கட்டி வைப்பாங்க. வண்டிய நான் டிசைன் பண்ணலாம். மேல போடற கைய எப்படிப் பண்றது?”

அந்தக் கைகள் இங்கேதான் இருக்கின்றன, பெரியோர்களே! கொசுறு என்றால் என்ன? என்னிடம் இருப்பதில் கொஞ்சம் உனக்கு என்று மனம் கனிந்து கொடுப்பது. என் பாரத்தில் கொஞ்சம் உன் தோளுக்கு என்று ஏற்றுவதற்கும் அதே பெயரா? வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்குவது அன்பளிப்பா? அவர் சிரித்தார் என்கிறீர்கள். நாளைய பிழைப்பை நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. புதிய வண்டி எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். ஏற்றுகிறவர் பழையபடியே இருந்தால், நல்ல சக்கரம் கிடைத்தது என்று இன்னும் ஒரு மூட்டையைத்தான் போடுவோம். பவுல்சாமியை அனுப்பிவிடலாம். நாளை அவர் இடத்துக்கு வருகிறவரின் கண் எந்த மூட்டைக்குப் பின்னால் இருக்கும்?

ஆகவே தலைவரே, தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம். கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். கைகொடுங்கள் யாராவது, படி உயரம். வண்டியில் சரக்கு கோடு வரைக்கும் இருக்கிறது. மேலே உங்கள் கடைத் தலையணை மூட்டையை வைத்திருக்கிறேன். இன்று காலை உங்கள் கடையிலேயே வாங்கினேன். கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். நேரே முன்வரிசை. கிளாடிஸ் அம்மா எங்கே என்று சொல்லுங்கள்.

எட்டிப் பார்க்கக் கூடாது, தலைவரே. பாரம் தள்ளுகிறவருக்கு எட்டிப் பார்க்க இடுப்பு வளையாது.

சத்தம் போடாதீர்கள், அவர் பார்க்கட்டும்.

மூட்டையைத் தானே இறக்கிவிட்டார். என்ன சொல்கிறார்? மைக்கைக் கொடு தம்பி. “அந்தத் தீர்மானத்த எடுத்துடுங்கோ.” கேட்டீர்களா தாய்மார்களே? தீர்மானத்தை நீக்கியாயிற்று!

பொறுங்கள், கைதட்டலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தீர்மானத்தை நீக்கினால் போதுமா? நாளைக் காலை மறுபடியும் ஒரு குரல் அழைக்குமே, அப்போது? பவுல்சாமி! தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், வாருங்கள் இப்படி. பிடியுங்கள் உங்கள் கைப்பிடியை. தலைவரே, அந்த மூட்டையை எடுத்து, கடைவாசலில் நீட்டுவது போல அவரிடம் நீட்டுங்கள். பவுல்சாமி, இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் நீங்கள் சொல்லாத ஒரு சொல் இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்.

மூட்டையையும் தலைவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவசரமில்லை, சபை காத்திருக்கும். கிளாடிஸ் அம்மா முன்வரிசையிலிருந்து, “சொல்டா!” என்கிறார்.

“வாணாம் சார்.”

கடைசி வரிசைக்குக் கேட்டதா? இன்னும் ஒருமுறை, நைனா, உரக்க!

“வாணாம் சார்! என்னால முடியாது.”

பாருங்கள் பெரியோர்களே, கூரை இடிந்து விழவில்லை. கடைகள் மூடிவிடவில்லை. தலைவர் சரியென்று தலையசைத்து, மூட்டையைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இப்போது தட்டுங்கள் கையை!

அந்தச் சொல்லைச் சொன்னவருக்கும், அதை வாங்கிக்கொண்ட தலைவருக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட செயலாளருக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் மனம் நிறைந்த நன்றி. வணக்கம்.