வில்லை இல்லாத கறுப்புப் பசு

— அதோட காதை விடு, ஃபின்ட்டன். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் நம்பர் வில்லை முளைச்சு வந்துடாது.

— ரெண்டு காதுலயும் பிஞ்சு போயிருக்கே, தாயே. முள்கம்பியில மாட்டியிருக்கும்.

— மத்த மாட்டையெல்லாம் உன்னுது, என்னுதுன்னு பிரிச்சாச்சு. சேத்தைத் துடைச்சுத் துடைச்சு நம்பர் பாத்ததுல எனக்கு விரலே மரத்துப் போச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. மதியம் வில்லை போடுற ஆள் வருவான், யாருதுன்னு கேப்பான். உன்னுதுன்னு சொல்லிடு.

— என்னுதா? இது உன் மாடு, டெர்வ்லா. ஆத்தோட போன கறுப்புதான் என்னுது.

— யோவ், என் மாட்டை எனக்குத் தெரியாதா?

— இந்த மழையில எல்லாக் கறுப்பும் ஒண்ணுதான். வயிறு வரைக்கும் சேறு. என்னத்தைக் கண்டே நீ?

— அந்த சைலேஜ் புல்லை ஒரு கவை அள்ளிப் போடு. போடுய்யா, சொல்றேன்ல. ஆங்... பாத்தியா? அடியிலேருந்து உருவித் தின்னுது. என்னுது மேலாக் கொறிக்கும். புல்லு கொஞ்சம் நனைஞ்சிருந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கும், மகாராணி.

— நேத்து சாயந்திரத்திலேருந்து பட்டினி. எந்த மகாராணியும் உருவித்தான் தின்னும்.

— உன் கையை நக்குதே, அதுவும் பசியா?

— கையில உப்பு இருக்கு.

— ஷானன் ஆறு ஏறி வந்து உன் வீட்டுக்குள்ளயே பூந்துடுச்சு. உன் மாடுங்க என் தொழுவுல நிக்குது. இந்த லட்சணத்துல, பொழைச்சு வந்த மாட்டையும் வேணாங்கிறே. புத்தி பேதலிச்சுப் போச்சா?

— உனக்கு இருக்கிறதே நாலஞ்சு. ஒண்ணு போனாலும் உனக்கு அடி. எனக்கென்ன.

— ஃபின்ட்டன், என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

— கூரை ஒழுகுது பாரு. தீனி நனையுது.

— கூரை கிடக்கட்டும்.

— ...சரி, கேட்டுக்கோ. வெளிக்கதவுப் பக்கத்து வாய்க்கால்ல ரெண்டு கறுப்பும் சிக்கிக்கிச்சு. ரெண்டுக்கும் கயிறு போட்டேன், கைக்கு ஒண்ணு. தண்ணி இழுத்த இழுப்புல எனக்கே கால் நிக்கல. ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணு.

— ம்.

— இருட்டுல தெரியாம விட்டுட்டேன்னு நினைச்சுக்காதே. வெளிச்சம் இருந்துச்சு. உன்னுதுன்னு தெரிஞ்சேதான் விட்டேன், டெர்வ்லா. அதனால இது உன் மாடு. அவன்கிட்ட அப்படித்தான் சொல்லப்போறேன்.

— அட முட்டாள்! கழுத்தளவு தண்ணியில நீ. கரையில நின்னு, என்னுதை விடு, என்னுதை விட்டுட்டு ஏறி வான்னு தொண்டை கிழியக் கத்தினேனே, உன் காதுல விழவே இல்லையா?